சரியாகக் கேள்வி கேட்கப் பழக்கும் பாட்காஸ்ட்கள்: எதிலிருந்து தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கடைசியில் இருக்கிறது, ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடி மாதம் தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் விற்கிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார், அதற்குக் கீழே நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அதை இரண்டு டம்ளரிலும் முங்குகிற மாதிரி வைத்து சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எங்கள் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் சாக்கடை மாதிரி பழுப்பு நிறத்தில் நுரைத்து நின்றது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "சார், உங்க பிள்ளைங்க தினமும் குடிக்கிறது இதுதான்" என்றார். என் மனைவி அழுதேவிட்டாள். அன்று சாயங்காலமே 19,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள் வேதியியல் பாடம் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு அந்தக் கம்பியில ரெண்டு இரும்பு மாதிரி இருந்துச்சே, அது கரைஞ்சா தண்ணி அந்தக் கலர்தானே ஆகும்? அழுக்கு தண்ணியில இருந்து வரலை, கம்பியில இருந்து வந்திருக்கு." தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் அதில் பெரிதாக எதுவும் நடக்காது. அவ்வளவுதான் விஷயம்.

பணம் போனதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நானும் அதே கம்பிகளைப் பார்த்தேன். அந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் வரவில்லை? பி.காம். படித்தவன், 22 வருடமாகக் கணக்கு வேலை பார்க்கிறேன், யாராவது தவறான பில் கொண்டுவந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் கண் முன்னால் ஒருவர் செய்து காட்டியதும் அப்படியே நம்பிவிட்டேன்.

தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய் வருகிறேன், ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம். இந்த நேரத்தில் கேட்கிற மாதிரி, அறிவியல்பூர்வமாக யோசிக்கச் சொல்லித்தருகிற பாட்காஸ்ட்கள் ஆங்கிலத்தில் நிறைய இருப்பதாக அலுவலகத்தில் ஒரு தம்பி சொன்னான். என் ஆங்கிலம் சுமார்தான், படித்தால் புரியும், வேகமாகப் பேசினால் தடுமாறுவேன். எதிலிருந்து தொடங்கலாம்? மகளும் சேர்ந்து கேட்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. தமிழில் இருந்தாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் மாமியார் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ வீடியோவில் சொன்ன ஒரு பொடியைச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். இந்தப் பாட்காஸ்ட்களைக் கேட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது என்பதும் தெரியுமா?

தென்னந்தோப்பு

அண்ணா, முதலில் ஒன்று. அந்த டம்ளர் வித்தையில் ஏமாந்தவர்கள் பட்டியலில் எங்கள் கல்லூரி இயற்பியல் பேராசிரியரும் உண்டு. அது படிப்பைச் சோதிக்கிற வித்தை இல்லை, பிள்ளைகள் மேல் இருக்கிற பயத்தைத் தொடுகிற வித்தை. மனதில் பயம் வந்த பிறகு யாரும் கம்பியைப் பார்க்க மாட்டார்கள்.

நான் 2011-லிருந்து இந்த வகை நிகழ்ச்சிகளைக் கேட்கிறேன். உங்களுக்கு நான் முதலில் சொல்வது 'ஸ்கெப்டாய்ட்'. பிரையன் டன்னிங் என்பவர் 2006 அக்டோபரில் தொடங்கினார், வாரம் ஒன்று வருகிறது. ஒரே குரல், ஒரே தலைப்பு, கால் மணி நேரம் போல. முக்கியமாக, ஒவ்வொரு பகுதியின் முழு எழுத்து வடிவமும் அவர்கள் தளத்தில் இலவசமாக இருக்கிறது. காலையில் போகும்போது கேளுங்கள், புரியாத இடத்தைச் சாயங்காலம் திரும்பும்போது படியுங்கள். என் ஆங்கிலம் தேறியதே இப்படித்தான்.

அவர் ஒரு விஷயத்தை எடுக்கிற முறை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் ஊரே சொல்கிற கதையை அப்படியே, கொஞ்சமும் குறைக்காமல், நன்றாகச் சொல்வார். 1959-ல் ரஷ்யாவில் டயட்லவ் கணவாய் அருகே ஒன்பது மலையேறிகள் இறந்துபோனார்கள், கூடாரம் உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது, இத்யாதி. கேட்கும்போது நமக்கே புல்லரிக்கும். அப்புறம், இந்தக் கதையில் எது பழைய ஆவணத்தில் இருக்கிறது, எது பின்னால் ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பாதி மர்மம் அந்தப் பிரிப்பிலேயே போய்விடும். மிச்சம் இருப்பதுதான் உண்மையாக யோசிக்க வேண்டியது. பத்து, இருபது பகுதி கேட்டால் போதும், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஏதாவது கதை சொன்னால்கூட 'இதில் முதலில் யார் பார்த்தது?' என்ற கேள்வி உங்களுக்குத் தானாக வரும்.

கொஞ்சம் பழகிய பிறகு 'ஸ்கெப்டிக்ஸ் கைடு டு தி யுனிவர்ஸ்' போகலாம். 2005 மே மாதம் தொடங்கியது, 2024-ல் 1000 பகுதிகளைத் தாண்டிவிட்டார்கள். ஸ்டீவன் நொவெல்லா என்ற நரம்பியல் மருத்துவர், யேல் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பணியாற்றியவர், நடத்துகிறார். அவருடைய சகோதரர்கள் பாப், ஜே, நண்பர் இவான் பெர்ன்ஸ்டீன், அப்புறம் காரா சாண்டா மரியா. ஐந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசுவார்கள், ஒன்றரை இரண்டு மணி நேரம் ஓடும், ஆரம்பத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் அதில் 'சயின்ஸ் ஆர் ஃபிக்‌ஷன்' என்று ஒரு பகுதி இருக்கிறது, உங்கள் மகளுக்காகவே செய்த மாதிரி. மூன்று அறிவியல் செய்திகளை நொவெல்லா படிப்பார், அதில் ஒன்று பொய். எது என்று மற்றவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

இதை ஒழுங்காக விளையாட ஒரு வழி இருக்கிறது. விடை வருவதற்கு முன் நிறுத்திவிட்டு, எது பொய், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் ஒரு வருடம் எழுதினேன். முதல் சில மாதங்கள் மூன்றில் ஒன்றுதான் சரியாக வந்தது, அதாவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வரும். தவறிய இடங்களைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. 'இது நல்ல விஷயமாக இருக்கிறது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும்' என்று எழுதிய இடங்களில்தான் நான் அதிகம் விழுந்திருக்கிறேன். எனக்குப் பிடித்த செய்தி வந்தால் நான் கேள்வி கேட்பதில்லை. இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், என் கையெழுத்திலேயே இருந்ததால் ஒத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த நிகழ்ச்சியில் நேயர்கள் எழுதுகிற திருத்தங்களை எடுத்துப் பேசுவார்கள். 'போன வாரம் தவறாகச் சொன்னோம், சரி இதுதான்' என்று. நம் ஊர் தொலைக்காட்சி விவாதங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு மருத்துவர் வெளிப்படையாக 'நான் சொன்னது தவறு' என்பதைக் கேட்டதே பெரிய பாடமாக இருந்தது.

மொட்டைமாடி

சின்னக் கேள்வி அண்ணா. உங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, எவ்வளவு? யாராவது ஒழுங்காக அளந்தார்களா? வித்தை பொய் என்பதால் மிஷின் தேவையில்லை என்று ஆகிவிடாது. அருப்புக்கோட்டைப் பக்கம் தண்ணீர் உப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 2000 வரை பரவாயில்லை என்கிறார்கள். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணம், இப்போது இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன். இங்கத்தைய நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னவை எல்லாம் அமெரிக்காவுடையவை, சில இடங்களில் அவர்களுடைய அரசியலும் சட்டமும் தெரியாவிட்டால் விளங்காது.

நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர் என்பதால் உங்களுக்கு மிகவும் பொருந்துவது பிபிசி வானொலி 4-இன் 'மோர் ஆர் லெஸ்'. 2001-இல் தொடங்கியது, 2007-இலிருந்து டிம் ஹார்ஃபோர்ட் நடத்துகிறார். செய்தியில் வருகிற எண்களை எடுத்து, இது எங்கேயிருந்து வந்தது, இது பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று பார்ப்பார்கள். வடிவான, நிதானமான ஆங்கிலம்.

அங்கே பழகிய ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்று அறிவித்தது. அடுத்த நாள் என்னுடைய வேலையிடத்தில் ஒருவரும் சொசேஜைத் தொடவில்லை, நூறு பேர் சாப்பிட்டால் பதினெட்டுப் பேருக்குப் புற்றுநோய் என்று எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள். உண்மையில், இங்கே வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய 6 பேருக்கு அந்த நோய் வரும், தினமும் அப்படிச் சாப்பிட்டால் அது 7 ஆகும். இரண்டும் ஒரே செய்திதான், ஆனால் '18 சதவீதம்' என்று கேட்கிறபோது வருகிற பயம் வேறு, '6, 7 ஆகிறது' என்று கேட்கிறபோது வருகிற எண்ணம் வேறு. எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் 'எதில் சதவீதம்?' என்று கேட்கிற பழக்கம் எனக்கு அந்த நிகழ்ச்சியால் வந்தது. மாத்திரை விளம்பரம் தொடங்கி வங்கி விளம்பரம் வரை இது உதவும்.

மற்றது 'ஸ்கெப்டிக்ஸ் வித் எ கே'. லிவர்பூல் பக்கத்திலுள்ள மெர்சிசைடு ஸ்கெப்டிக்ஸ் சங்கத்தினர் 2009-இலிருந்து செய்வது. இவர்கள் பேசுவதோடு நிற்கவில்லை, அதனால்தான் எனக்கு மரியாதை. 2010 ஜனவரி 30-ஆம் தேதி காலை 10 மணி 23 நிமிடத்துக்கு பிரிட்டனின் பல நகரங்களில் பூட்ஸ் மருந்துக்கடைகளுக்கு முன்னால் கூடி, ஆளுக்கு ஒரு முழுப் போத்தல் ஹோமியோபதி மாத்திரையை விழுங்கிக் காட்டினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது: ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்று சொல்கிற அவகாட்ரோ எண்ணில் வருகிற பத்தின் 23-ஆம் அடுக்கு. உங்கள் மகளுக்கு அது பாடத்தில் இருக்கும். ஹோமியோபதியில் மருந்துப் பொருளைத் திரும்பத் திரும்பக் கரைப்பார்கள், நூறில் ஒரு பங்காக 12 தரம் கரைத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும், கடையில் விற்கிற 30சி என்பது 30 தரம், அதாவது 1-க்குப் பின்னால் 60 சைபர். அதில் முதலில் போட்ட பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதற்குக்கூட வழியில்லை. 2017-இல் இங்கிலாந்தின் பொது சுகாதார சேவை, ஹோமியோபதியை மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதை நிறுத்தும்படி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்குப் பின்னால் பல பேருடைய பல வருட உழைப்பு இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆபிரகாம் கோவூர் கேரளாவில் பிறந்தவர், 1928-இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்தவர். மோசடிக்கு இடமில்லாத நிலைமையில் யாராவது அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் சாகும்வரை ஒருவராலும் அதைப் பெற முடியவில்லை. என் அப்பா அவரைப் பற்றிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பாட்காஸ்ட் இல்லாத காலத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் நின்று கதைத்தவர்கள் அவர்கள்.

நடுப்பகல்

எல்லோரும் நல்ல பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கலாம்.

நான் இதே நிகழ்ச்சிகளை நான்கு வருடம் வெறியோடு கேட்டேன். தர்க்கப் பிழைகளின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். என்ன நடந்தது தெரியுமா? வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் பிழை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். அப்பா ஜாதகத்தோடு உட்கார்ந்தால் அவரிடம் புள்ளிவிவரம் பேசினேன். அண்ணன் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது நான் பேசிய பேச்சில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவர் ஒரு எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை, என் மேல் இருந்த நம்பிக்கையை மட்டும் குறைத்துக்கொண்டார்.

மாமியாரைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பொய்யை உடைக்கக் கற்றுக்கொள்வது ஒரு திறமை, ஒருவரிடம் பேசுவது இன்னொரு திறமை. முதலாவது வந்தால் இரண்டாவது தானாக வராது.

அதற்கு நான் சொல்வது டேவிட் மெக்ரேனியின் 'யூ ஆர் நாட் சோ ஸ்மார்ட்'. மனிதர்கள் ஏன் ஒன்றை நம்புகிறார்கள், எப்போது மாறுகிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். அதில் எனக்கு மறக்க முடியாத ஒரு வரிசை உண்டு. ஒருவருடைய நம்பிக்கைக்கு எதிரான ஆதாரத்தைக் காட்டினால் அவர் இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்று 2010-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது, மெக்ரேனியும் அதைப் பரவலாகப் பேசியவர்களில் ஒருவர். பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் 10,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தபோது அப்படி ஒரு விளைவு கிட்டத்தட்டக் கிடைக்கவே இல்லை, பெரும்பாலானவர்கள் ஆதாரத்தைக் கொஞ்சமாவது ஏற்றுக்கொண்டார்கள். மெக்ரேனி என்ன செய்தார்? 2017-ல் அதற்கென்றே பல பகுதிகள் ஒதுக்கி, பழைய ஆய்வுக்காரர்களையும் புதிய ஆய்வுக்காரர்களையும் கூப்பிட்டுப் பேச வைத்தார். தன்னை பிரபலமாக்கிய ஒரு கருத்தையே இப்படி எடுத்து வெளியே வைக்கிற மனது சாதாரணமில்லை.

'ஓ நோ, ராஸ் அண்ட் கேரி' என்று இன்னொன்று, 2011-ல் தொடங்கியது. ராஸ் ப்ளோச்சர், கேரி பாப்பி இரண்டு பேரும் விசித்திரமான சிகிச்சை, புதுப்புது மதக்குழு என்று எல்லாவற்றிலும் நேரில் போய்ச் சேர்ந்து, காசு கொடுத்து, உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். அங்கே இருக்கிறவர்களை மட்டம் தட்டவே மாட்டார்கள். 'இவர் நல்ல மனிதர், எங்களுக்கு டீ கொடுத்தார், ஆனால் சொன்னது தவறு' என்கிற தொனி. நான் அந்தத் தொனியை முதலிலேயே பழகியிருந்தால் அந்த எட்டு மாதம் போயிருக்காது.

வைகைக்கரை

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக ஸ்கெப்டாய்ட் கேட்கிறேன், எழுத்து வடிவம் இருப்பதால் பயமில்லாமல் கேட்க முடிகிறது. டிடிஎஸ் மீட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன்.

நடுப்பகல் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. நான் மாமியாரிடம் ஏற்கனவே கோபமாகப் பேசிவிட்டேன். 'யாரோ யூடியூபில் சொன்னான் என்று சாப்பிடுவீர்களா' என்று. அவர் திருப்பிச் சொன்னார்: 'மிஷின்காரன் சொன்னான்னு நீங்க 19,000 குடுக்கலையா மாப்ளே?' பதில் இல்லை எனக்கு. இப்போது அவரிடம் எங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பது?

செம்பருத்தி

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறேன், இதை நிறையப் பார்க்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன் அண்ணா. விவாதத்தை விட்டுவிடுங்கள். முதல் வேலை, மாத்திரையை நிறுத்திய விஷயம் அவருடைய மருத்துவருக்கு இந்த வாரமே தெரிய வேண்டும். 'பொடியை விடச் சொல்லி நான் வரவில்லை, டாக்டரிடம் மறைக்காமல் இருப்போம்' என்று கூட்டிக்கொண்டு போங்கள். பொடி டப்பாவையும் எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாத பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆங்கில மருந்தையே அரைத்துக் கலந்து விற்று மாட்டியவர்கள் உண்டு.

இரண்டாவது, அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'பொடி வேலை செய்கிறதா இல்லையா என்று நாம் எதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்?' அவர் அனேகமாக 'உடம்பு லேசா இருக்கு' என்பார். சர்க்கரையில் அது போதாது, 250 இருக்கும்போதும் பலருக்கு உடம்பு லேசாகத்தான் இருக்கும். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத சராசரியைக் காட்டும், ஒருநாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. மாத்திரை சாப்பிட்ட காலத்து ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். எந்த எண் வந்தால் என்ன முடிவு என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே அவர் வாயால் சொல்ல வையுங்கள், இது முக்கியம். ஆனால் பரிசோதனை செய்து பார்ப்பதற்காக இன்னும் மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் இருக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி மாத்திரை நடக்கட்டும்.

மருத்துவ விஷயங்களுக்கு 'சயின்ஸ் வெர்சஸ்' கேளுங்கள். வெண்டி ஸுக்கர்மேன் என்ற ஆஸ்திரேலியப் பெண் நடத்துவது, 2015-ல் அங்கே ஏபிசி வானொலியில் ஆரம்பித்து அடுத்த வருடம் அமெரிக்காவுக்குப் போனது. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை ஆய்வுகளைப் பார்த்தோம் என்று கடைசியில் சொல்வார்கள், நூறைத் தாண்டுவது சாதாரணம், எல்லாவற்றுக்கும் சுட்டி தருவார்கள். அவர் வேகமாகப் பேசுவார், அதனால் வேகத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். இடையில் வரும் விளம்பரங்களை மட்டும் நிகழ்ச்சியோடு சேர்த்து நம்பிவிடாதீர்கள், எந்தப் பாட்காஸ்டாக இருந்தாலும்.

நொய்யல்

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அறிவியல் செய்திகளைத் தமிழில் நன்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாராவாரம் ஒரு கூற்றை எடுத்து, ஆதாரத்தைப் பிரித்து, தவறினால் அடுத்த வாரம் திருத்துகிற மாதிரியான ஒன்று இன்னும் என் காதுக்கு எட்டவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது, ஏனென்றால் இந்த வேலையை நம் மண்ணில் செய்துகாட்டிய ஒருவரை நான் சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறேன்.

போத்தனூர் பி. பிரேமானந்த். பெயரைப் பார்த்து வேறு யாரோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் சாமியார்களின் வித்தைகளை வெளிச்சம் போட்டுக் காட்டியவர். 1988-லிருந்து 'இண்டியன் ஸ்கெப்டிக்' என்ற பத்திரிகையைப் போத்தனூரிலிருந்தே நடத்தினார், 2009-ல் காலமானார். மேலே பனங்கூடல் சொன்ன கோவூருக்குப் பிறகு அந்த ஒரு லட்ச ரூபாய் சவாலைக் கையில் எடுத்துத் தொடர்ந்தவரும் இவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு வந்தார். வெறும் கையைக் காட்டினார், சுழற்றினார், விபூதி கொட்டியது. நாங்கள் வாயைப் பிளந்தோம். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்றுவரை நிற்கிறது. சாம்பலைக் கஞ்சியில் குழைத்து, உருட்டிக் காயவைத்த சின்ன உருண்டையைக் காட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை எப்படி மறைப்பது என்று எங்களில் நான்கு பேரை மேடைக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். பத்து நிமிடத்தில் எங்கள் வகுப்பு மணிகண்டன் கையிலிருந்து விபூதி கொட்டியது. 'சாமியார்கள் எல்லாம் பொய்' என்று அவர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பாட்காஸ்டில் கிடைக்காதது இது ஒன்றுதான், கையால் செய்து பார்ப்பது. வைகைக்கரை அண்ணா, உங்கள் வீட்டில் அந்தப் பொருள் ஏற்கனவே இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, இரண்டு இரும்பு ஆணியும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வைத்து மகளைச் செய்து காட்டச் சொல்லுங்கள். வீட்டு கரண்டில் மட்டும் வேண்டவே வேண்டாம், பேட்டரி போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். பொடியைப் பற்றி ஒன்றும் பேசாதீர்கள்.

வைகைக்கரை

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் வீட்டில் இருந்தோம்.

மகள்தான் செய்தாள். முதல் டம்ளரில் வெறும் ஆர்.ஓ. தண்ணீர், ஐந்து நிமிடம் வைத்தும் ஆணியில் ஒன்றிரண்டு குமிழி, அவ்வளவுதான். இரண்டாவதில் அதே தண்ணீர், சிட்டிகை உப்பு. ஒரு ஆணியிலிருந்து பொங்கப் பொங்கக் குமிழி வந்தது, இன்னொன்றைச் சுற்றிப் பச்சையாகக் கலங்கி, கால் மணி நேரத்தில் மேலே பழுப்பாக ஏடு கட்டிவிட்டது. மாமியார் டம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். 'அன்னைக்கு வந்ததும் இதேதான்' என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, 'நீங்க அவன்கிட்ட உப்பு போட்டுக் காட்டுன்னு சொல்லியிருக்கணும் மாப்ளே' என்றார். ஆமாம் அத்தை, சொல்லியிருக்க வேண்டும் என்றேன். நொய்யல் சொன்னபடி பொடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவராகவே, 'அந்த மூணு மாச டெஸ்டுன்னு சொன்னியே, அது எவ்வளவு ஆகும்?' என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறோம், பொடி டப்பாவோடு.

மீட்டரும் வந்துவிட்டது. போர் தண்ணீர் 1,140, மிஷின் தண்ணீர் 60. அவன் காட்டியது வித்தை, ஆனால் எங்கள் தண்ணீருக்கு மிஷின் தேவைதான் என்று தெரிகிறது. திருப்பிக் கொடுக்கக் கடையில் சண்டை போடலாம் என்றிருந்தேன், வைத்துக்கொண்டோம். இதே வசதி உள்ள மாடல் 11,000-க்கு இருந்தது என்பதையும் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

தென்னந்தோப்பு தம்பி, நோட்டு வாங்கியாயிற்று. சயின்ஸ் ஆர் ஃபிக்‌ஷன் இதுவரை நான்கு ஆடியிருக்கிறோம், அவள் இரண்டு சரி, நான் ஒன்று.